கண்ணாடிக்கு வெளியே ஒரு றேடியோ

மெல்பேர்னுக்கு அருகே டண்டினொங்கில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஈயம் பற்றவைத்தவர் ஒரு போலந்துக்காரப் பெண்மணி. ஐம்பதை ஒட்டிய வயது, பேச்சு குறைவு. இரவு வேலை முடியும்போது இருவருக்கும் கண் எரியும். ரயில் நிலையம்வரை ஒன்றாக நடப்போம். அவர் இருக்கும் தெருவின் பெயர் எனக்குத் தெரியும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. குடியேறியவர்கள் தங்கள் மொழியில் பேசவென்று மெல்பேர்னில் சிறு வானொலிகள் தொடங்கியிருந்தன. போலந்துக்காரருக்கும் ஞாயிறு பின்னேரத்தில் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை நீ நித்திரை கொள்ளாமல் இருக்க முடியுமா?" என்று ஒரு காலை கேட்டார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது தொழிற்சாலை ஆங்கிலம்தான். அதிலேயே மிச்சத்தையும் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரின்போது வார்சா நகரம் ஜெர்மன் படைக்கு எதிராக எழுந்து இரண்டு மாதம் சண்டையிட்டது. அந்த இரண்டு மாதங்களும் இவர் ஒரு வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த வானொலியில் செய்தி வாசித்தார். அப்போது இளம் பெண். ஒரு நாள் குண்டு விழுந்து ஏரியல் கம்பி அறுந்து, குரல் வெளியே போகாமல் நின்றுவிட்டது. அறைக்குள் இருந்த கருவியில் குரலைக் காட்டும் முள் மட்டும் வழக்கம்போல ஆடியது. கருவியைப் பார்த்துக்கொண்ட பொறியியலாளருக்கு விஷயம் தெரியும். பெண் மனமுடைந்து போவாள், இன்றோ நாளையோ கட்டிவிடலாம் என்று சொல்லாமல் விட்டார். அந்த நாட்களில் இவர் திரும்பத் திரும்ப வாசித்தது ஓர் எச்சரிக்கை: குறிப்பிட்ட ஒரு தெருவை ஜெர்மன்காரர் பிடித்துவிட்டார்கள், அந்த வழியாக வரவேண்டாம். நகரின் இன்னொரு பகுதியில் பற்றரி றேடியோவோடு காத்திருந்த கூட்டத்தில் இவருடைய அக்காவும் இருந்தார். அவர்கள் அந்தத் தெருவாலேயே வந்தார்கள்.

"முள் ஆடியது. நான் நம்பினேன்," என்றார்.

அந்தத் தெருவில் இறந்தவர்களின் பெயர்களை இந்த ஞாயிறு வாசிக்கப் போகிறார். கடைசிப் பெயர் அக்காவுடையது. முன்கூட்டியே பதிவுசெய்ய உடன்படவில்லை. யாராவது ஒருவர் வெளியே றேடியோவில் கேட்டபடி நிற்கவேண்டும். ஒலி வந்துகொண்டிருக்கும்வரை கையைத் தூக்கியிருக்கவேண்டும், நின்றால் இறக்கவேண்டும். உள்ளே இருப்பவர்களின் சொல்லை நம்பி வாசிக்கமாட்டார்.

"ஏன் நான்?"

"உனக்குப் போலிஷ் தெரியாது. அழமாட்டாய்."

வானொலி நிலையம் ஒரு பழைய கடை. தெருப் பக்கம் முழுவதும் கண்ணாடி. என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். ஓகஸ்ட் அங்கே குளிர்காலம். நான் நடைபாதையில் நின்று, றேடியோவைக் காதோடு பிடித்து, மற்றக் கையைத் தூக்கினேன்.

"பஸ் மறிக்கிற மாதிரிக் கிடக்கு மச்சான்," என்றான் காருக்குள் இருந்து. "ஆரும் நிப்பாட்டி ஏத்திக்கொண்டு போகப் போறாங்கள்."

அவர் வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெயர், சிறு இடைவெளி, அடுத்த பெயர். இரவெல்லாம் வேலை செய்த கை. தோள்மூட்டு கடுத்தது. றேடியோவை மற்றக் கைக்கு மாற்றி, ஓய்ந்திருந்த கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் போயிருக்கும். சட்டென்று குரல் நின்று இரைச்சல் மட்டும் வந்தது. கண்ணாடிக்கு உள்ளே அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த இளைஞன் தன் கருவியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"என்னடா, நிண்டிட்டுதோ?"

"ஓம்."

"கையை இறக்காதை. மனுசி வாசிச்சு முடிக்கட்டும், பாவம். இனி ஆருக்கு என்ன நட்டம்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கையை இறக்கினால் அக்காவின் பெயரை அவர் வாசிக்காமலே விட்டுவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். எதை வாசித்துக் காட்டினாலும் என்னைப் பெற்ற ஐயா தாளைப் பார்க்கமாட்டார். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்வது சரியா என்று பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்தவரும் என் கையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கினேன்.

அவர் உடனே நிறுத்தினார். இளைஞன் முள்ளைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. இரைச்சல் போகவில்லை. போலந்துக்காரருக்குரிய நேரம் அப்படியே முடிந்தது.

தாளோடு வெளியே வந்தார். "எந்தப் பெயரோடு நின்றது?"

கடைசியாகக் காதில் விழுந்ததை விழுந்தபடி சொன்னேன். விரலால் தாளில் தேடினார். "இதற்குப் பிறகும் ஆட்கள் இருக்கிறார்கள்," என்று காரின் பின் கதவைத் திறந்து ஏறினார். நான் முன்னால் ஏறினேன். என் மடியில் இருந்த றேடியோவுக்கு அப்போதுதான் உயிர் வந்து, வேறேதோ மொழியில் பாட்டுப் போனது. நண்பன் எட்டி அதை நிறுத்தினான். அவனுக்கும் வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. காரைக் கிளப்பும் திறப்பைத் தொடாமல் இருந்தான்.

மிச்சப் பெயர்களை அவர் எங்களுக்கு வாசித்தார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. கடைசிப் பெயரின் பின்பாதி இவருடைய பெயரிலும் இருந்தது. தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"அன்ரி, எங்கை இறக்கி விட?" என்று நண்பன் ஆங்கிலத்தில் கேட்டான். அவரை அவன் அன்ரி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ரயில் நிலையம். நாளைக்கு வேலை."

இரண்டாவது சந்தி வருமுன் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிவிட்டார். ரயில் நிலையத்தில் எழுப்பவென்று நான் திரும்பினேன்.

"எழுப்பாதை," என்றான் நண்பன். "வீட்டை கொண்டுபோய் விடுவம். தெருவைச் சொல்லு."