மருந்துப் பெயின்றுக்கு மேல் எனாமல்

படகுக்கு அடியில் பெயின்ற் பூசுகிறவனின் வேலையை மீனைத் தவிர ஒருவரும் பார்ப்பதில்லை. யுத்த காலத்தில் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லிக் கரையில் கொட்டில் போட்டு அந்த வேலை செய்தவன் நான். சொன்னதைக் கேட்காத வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் என் பாடு விளங்கும்.

முழங்கால் வைத்தியம்

பைபர் படகைக் கடலில் விட்டால் சில நாளிலேயே அடியில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறிக் கட்டுகிற படலம் அது. அதன்மேல் பாசி, பாசியின்மேல் சிப்பி. பிறகு படகு ஓடாது, ஊரும். பெரிய என்ஜின் போட அப்போது அனுமதியில்லை. மாலை ஐந்து மணிக்குள் கரைக்கு வந்து கடற்படைக் காவலரணான சென்றியில் மீன்பிடிப் பாஸைக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் பாஸும் போகலாம், உயிரும் போகலாம்.

இதையெல்லாம் தன் படகுக்குப் பெயின்ற் பூசக் கேட்டு வந்த தேவராசா அண்ணனுக்குச் சொல்லி, கிருமி ஒட்டவிடாத மருந்துப் பெயின்ற் பூசுவோம் என்றேன். அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் படகடியைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, வழுக்கலுக்கு மருந்தெண்டால் வழுக்கி விழுந்த என்ர முழங்காலுக்கும் ஒரு கை பூசிவிடுங்கோவன்."

ஐந்துக்கு மூன்று நிமிடம்

பூசிக் கொடுத்து ஒரு மாதமிருக்கும். ஒரு நாள் மாலை அவர் மனைவி பூமணி அக்கா கொட்டிலுக்கு ஓடிவந்தார். மற்றப் படகெல்லாம் வந்துவிட்டன, அண்ணனுடையதை மட்டும் காணவில்லை. ஐந்து மணியாகக் கால் மணித்தியாலம் இருந்தது. இருவரும் கரையில் போய் நின்றோம். அக்கா கடலைப் பார்ப்பதும் என் மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக நின்றார். எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் படகு தவழ்ந்து வந்து சேர்ந்தது. அண்ணன் பாஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதைக் கண்டதும் அப்பாடா என்று மணலில் இருந்துவிட்டேன். அதன்பிறகு வேறு பயம் பிடித்தது. என் பெயின்ற் பிழைத்துவிட்டதா? மாதம் முழுக்கக் கரையேற்றாமல் இரவில் நங்கூரத்தில் நின்ற படகை மணலில் இழுத்துப்போட்டு அடியைத் தடவினேன். நல்ல வழுக்கல். விரலால் வழித்தேன். நான் பூசியது மங்கல் சிவப்பு. உள்ளே தெரிந்தது பளபளக்கும் நீலம். இதென்ன அண்ணன் என்று கேட்டேன்.

"கரையுமெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அவ்வளவு நல்ல மருந்தைக் கடலில கரையவிடலாமோ? அதுதான் இறக்க முதல் மேலால ரெண்டு கோட் எனாமல் அடிச்சனான்."

கதிரைக் காவல்

கரைந்தால்தான் அது மருந்து. மூடிவிட்டால் கிருமிக்குப் பாய் விரித்துக் கொடுத்தது மாதிரி என்று விளக்கினேன். கோபம் வரவேண்டிய இடம். எனக்கோ சந்தோசமாக இருந்தது. பிழை என்னுடையதல்ல என்ற சந்தோசம் பாதி, ஆள் முன்னால் நின்று கதைக்கிறாரே என்ற சந்தோசம் மீதி.

மூவருமாக இரண்டு நாள் நீலத்தைச் சுரண்டினோம். மறுபடி மருந்து பூசினேன். கடலில் இறக்கும்வரை பூமணி அக்கா படகுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவலிருந்தார், புருசன் பிரஷ்ஷோடு கிட்ட வந்துவிடாதபடி.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன். நாலு மணிக்கே படகு கரையில் நின்றது. அடியைத் தடவினேன், கை வழுக்கவில்லை. அக்கா முறைப்பாட்டோடு வந்தார்.

"உங்கட பெயின்றால எனக்குக் கரைச்சல் தம்பி. நேரத்தோட வந்து கதிரையில இருந்துகொண்டு, தேத்தண்ணி எங்கயெண்டு கேக்கிறார்."

மற்றப் பெயின்றர்மாருக்குப் பூசியது சரியா என்று நிறத்தைப் பார்த்தால் தெரியும். எனக்கு ஆள் நேரத்துக்குக் கரைக்கு வந்தால்தான் தெரியும்.