கறுப்பு மஸ்டாங்கும் கருத்தையாவின் கிடையும்

சுடலைராஜுக்குப் பொய் புதிதில்லை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழிலில், ‘நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுங்க’ என்று சொல்லாமல் ஒருவர் காலந்தள்ளிவிட முடியுமா? கோவில்பட்டிக்கு வெளியே, நாலுவழிச் சாலையிலிருந்து மேற்கே ஒரு கூப்பிடு தூரம் உள்ளே தகர ஷெட் போட்டு, லாரி முகப்பு, மினி பஸ், பள்ளிக்கூட வேன் என்று எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்திப் பூசுகிறவர். அவருடைய நாளைக்கு என்பது அடுத்த வாரம் என்று வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. இந்த ஆடி மாதத்தில் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடாத பொய்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணன், பெங்களூரில் ஒரு பங்களாவின் பின்பக்கம் மரத்தடியில் கிடந்த அமெரிக்க மஸ்டாங் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கினார். ஐம்பது வயது தாண்டிய கார். முன்பக்கம் மட்டும் ஒரு மாட்டுவண்டி நீளம்.

“இன்ஜினை மதுரையில பாத்துக்கிடுவாவ. பாடியும் பெயிண்டும் ஒங்க பொறுப்பு. ஆவணியில கல்யாணம் முடிஞ்சு எம்மக ஜெயப்பிரியா மாப்பிள்ளையோட இதுலதான் போகணும். கறுப்பு அடிங்க. மொகம் பாக்க முடியணும்” என்றார்.

கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. அவ்வளவு துரு. சுடலைராஜ் துருப்பிடித்ததை வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தார். பழைய பெயிண்டை மருந்து தடவி உரித்தார். பள்ளத்தை அடைக்கிற பட்டி வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பள்ளம் மேடு பார்த்தார். வெள்ளையில் ஒன்றிரண்டு குறை ஒளிந்துகொள்ளும். கறுப்பு எதையும் மறைக்காது, காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. கறுப்பின் மேல் பளபளப்புக்காக அடிக்கிற கிளியர் கோட் காய்ந்ததும் பார்த்தால், பானெட் முழுக்கப் பொடிப்பொடியாகத் தூசி. நடுவில் ஓர் ஆட்டு மயிர்கூட ஒட்டியிருந்தது. ஷெட்டுக்கு மேற்கே தரிசாய்க் கிடந்த கரிசலில் ஆட்டுக்காரர் கருத்தையா, மந்தையை ராத்திரி அடைக்கிற கிடை போட்டிருந்தார். மேற்கிலிருந்து வீசுகிற மேகாத்து தணிந்திருக்கும் விடியற்காலையில்தான் பெயிண்ட் அடிக்க முடியும். மந்தை எழுந்து உதறிக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்புவதும் அதே நேரத்தில்தான்.

முதலாளி பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன இது, சொரசொரங்குது?” என்றார். சுடலைராஜுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தார்.

கிடையை மாற்றச் சொல்ல வேண்டும். ஆனால் நிலம் இவருடையதா? இல்லை. புஞ்சைக்காரர் எருவுக்காக அழைத்துவந்த கிடை. காரில் தூசி விழுகிறது, எழுந்து போங்கள் என்று ஒரு மனுஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது? யோசித்துக்கொண்டே போனவருக்கு, போய் நின்றதும் பொய் தானாக வாயில் வந்தது.

“அண்ணாச்சி, பெயிண்ட் உரிக்குத மருந்துத் தண்ணிய ஷெட்டைச் சுத்தி ஊத்திட்டேன். அந்த மண்ணுல வாய் வச்சா ஆடு பிழைக்காது, பாத்துக்கிடுங்க.”

கருத்தையா பதறிப்போனார். “நல்லவேளை சொன்னீங்க, தம்பி. செனை ஆடெல்லாம் கெடக்கே!” ஷெட்டை விட்டு விலகி இந்தப் பக்கம் வேறு தரிசு இல்லாததால், அன்றைக்கே கிடை வலையைச் சுருட்டிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மேய்ச்சலும் தண்ணீர்த் தொட்டியும் இந்தப் பக்கமே இருந்ததால், தினமும் விடிகிறபோது மந்தையை ஓட்டிக்கொண்டு நாலுவழிச் சாலையைத் தாண்ட வேண்டியதாயிற்று.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை சுடலைராஜ் தரையில் தண்ணீர் தெளித்து, பாலித்தீன் திரையை இழுத்துவிட்டு, கிளியர் கோட்டைத் தொடங்கினார். பானெட்டில் பாதி போயிருப்பார். சாலைப் பக்கம் லாரி பிரேக் பிடிக்கிற சத்தம் நீளமாகக் கேட்டது. அதன்பிறகு ஆடுகளின் சத்தம். இன்னதென்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஆனால் பாதியில் கையை நிறுத்தினால் பானெட்டில் வரி விழும். மறுபடி முழுக்கத் தேய்க்க வேண்டும். அவர் கை நிற்கவில்லை. மறு ஓரம் வரைக்கும் ஒரே சீராக அடித்து முடித்தார். பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடினார்.

சாலையில் மந்தையில் பாதி அடிபட்டுக் கிடந்தது. கருத்தையா ஒரு செனை ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார். சுடலைராஜைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“இவ்வளவுதான் போச்சு, தம்பி. நீங்க மட்டும் சொல்லலன்னா மருந்துத் தண்ணியில மந்தை பூராவும்லா போயிருக்கும்!”

அவர் பிடித்திருந்த சுடலைராஜின் கையில், பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாடை இன்னும் போகவில்லை. அதை உருவிக்கொள்ளவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

கார் கண்ணாடிபோல் வந்தது. முதலாளி குனிந்து பானெட்டில் மீசையைப் பார்த்துச் சிரித்தார், எல்லோர் முன்னாலும் சால்வை போட்டார். சுடலைராஜும் ஒருதரம் குனிந்து பார்த்தார். தன் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி முத்துசெல்வி, “காரை அனுப்பிட்ட ஏக்கமா?” என்று கேலி செய்தாள்.

கார் போன மறுவாரம் கருத்தையா ஷெட்டுக்கு வந்தார். மிச்சமிருந்த ஆடுகள் வெளியே நின்றன.

“அந்த மருந்து மண்ணை விட்டுப் போயிருக்குமா, தம்பி? இல்ல, மழை பெஞ்சாத்தான் சரியாகுமா? எனக்கு அந்த ரோட்டைப் பாக்கவே ஈரக்கொலை நடுங்குது.”

இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ‘போயிருக்கும்’ என்ற ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“மருந்தெல்லாம் ஊத்தல, அண்ணாச்சி. ஆடு கெளம்புத தூசி பெயிண்ட்ல விழுந்துச்சு. ஒங்கள அங்கனயிருந்து எழுப்பணும்னு பொய் சொல்லிட்டேன்.”

கருத்தையா ஏசுவார், கம்பை ஓங்குவார் என்றுதான் சுடலைராஜ் நினைத்தார். ஓங்கினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். அவரோ கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“தூசிக்குன்னு சொல்லியிருந்தா, ஷெட்டுக்குக் கெழக்க கிடையைப் போட்டிருப்பேனே, தம்பி. மேகாத்து காலத்துல அங்கனயிருந்து தூசி இங்கன எப்படி வரும்? அதுவும் நம்ம புஞ்சைக்காரர் நெலந்தான்.”

சுடலைராஜ் கிழக்கே பார்த்தார். ஷெட்டுக்கும் சாலைக்கும் நடுவே, ஓர் ஆடும் ரோட்டைத் தாண்ட வேண்டியிராத அந்தத் தரிசு காலியாகக் கிடந்தது.