தேர் நின்று கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுப் புதுத் தொலைக்காட்சிக்கு என் மேல் தனி அக்கறை. தொடர்ந்து எதையாவது ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், படத்தை நிறுத்திவிட்டு, ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று கேட்கிறது. மாத்தூரில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து இத்தனை வருடத்தில் எதிர்வீட்டுக்காரர்கூட என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. லிஃப்டில் சேர்ந்து நிற்க நேர்ந்தால் அவர் தன் கைப்பேசியைப் பார்ப்பார், நான் என்னுடையதைப் பார்ப்பேன். கதவு திறந்ததும் பிழைத்தோம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

நேற்று இரவும் கேட்டது. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அந்தக் கேள்வியைத் திரையில் படித்ததும், உருகின மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் ஜெனரேட்டர் புகையும் கலந்த ஒரு வாசனை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவின் வாசனை அது. பக்திக்கு டீசல் வாசனை உண்டு என்று நம்பி வளர்ந்தவன் நான். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நின்றால் என்னை அறியாமல் கை சிலுவை போடப் போகிறது. அங்கே வேலை செய்கிறவர், விலையைப் பார்த்துத்தான் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

திருவிழா என்றால் எங்களுக்குத் தேர். தேர் என்று சொன்னாலும் சக்கரம் கிடையாது, தோளில்தான் வரும். தூக்குகிறவர்கள் துறைமுகத்து ஆட்களும் படகுக்காரர்களும். தேரைத் தாங்கும் மரக்கொம்புகளில் முன்கொம்பில் நிற்பவர் சூசை. என் நைனா. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். முன்கொம்புக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேர் போகிற சந்தில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், அந்த வாசலில் நிறுத்தி, மாதாவின் முகம் வீட்டைப் பார்க்கத் திருப்பி, பேண்டுக்காரர்களைக் கையமர்த்திவிட்டு, உள்ளே பார்த்துப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

“இன்னா தெரசாக்கா, கீறியா?”

இருக்கிறாயா என்பது எங்கள் பேச்சில் அப்படித்தான் வரும். உள்ளேயிருந்து, “கீறேன்பா” என்று குரல் வர வேண்டும். வந்தால்தான் தேர் நகரும். வராவிட்டால் மறுபடி கேட்பார்கள். ஓர் இருமலாவது வரும்வரை தேர் அசையாது. இதெல்லாம் எந்தப் பூசைப் புத்தகத்திலும் இல்லை. சாமியார் கண்டும் காணாததுபோல் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை, பக்கவாதத்தில் விழுந்த பழைய படகுக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து, “கீறேன். எதுக்குக் கீறேன்னுதான் தெர்ல. உன் மாதாவ கேட்டுச் சொல்லு” என்றார். “கேட்டுச் சொல்றேன் மாமு” என்று நைனா பதில் கொடுத்துவிட்டுத் தேரைத் தூக்கினார். சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகத் தொலைக்காட்சி கொடுத்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களும் வரிசையில் நின்று இன்னொன்று வாங்கினார்கள். நாங்களும்தான், வேண்டாம் என்று சொல்ல நாங்கள் என்ன மகான்களா? மேடையில் ஒருவர், இது பொருள் அல்ல, அறிவு என்று நீளமாகப் பேசினார். அறிவைத் தலையில் சுமந்துகொண்டு ஜனம் ஊர்வலமாக வீடு திரும்பியது. குழாயில் தண்ணீர் வராத தெருவில் அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு அருவி கொட்டியது, அதுவும் கலரில். அம்மா ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உறைக்கு மேலே அழுத்துவதால், நாம் கேட்ட சேனல் வராது. வந்ததைப் பார்ப்போம். ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு அது சிரமமாகத் தெரியவில்லை.

எங்கள் பகுதிக்குக் கேபிள் ரிச்சர்டு அண்ணன்தான் எல்லாம். ஆட்சி மாறினால் செய்தித்தாளைப் பார்க்கத் தேவையில்லை. முதலிடத்தில் பளிச்சென்று வந்த சேனல் கடைசிக்குப் போய்ப் புள்ளி புள்ளியாகிவிடும். கேட்டால், “ஒயர்ல தண்ணி பூந்துச்சு” என்பார். எந்தக் கட்சி தோற்றதோ அந்தக் கட்சியின் ஒயரில் மட்டும் தண்ணீர் புகும். அவருக்குச் சொந்தமாக ஓர் உள்ளூர் சேனலும் உண்டு. காலையில் அம்மன் பாட்டு, மத்தியானம் திருட்டு வீடியோ படம், சாயங்காலம் ஜெபமாலை. நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும். இரண்டுக்கும் பின்னால் ஒரே ரோஜாப் பூதான். ஆள் பிறந்தாரா இறந்தாரா என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ரிச்சர்டு அண்ணன் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, “தேர நான் லைவ் போட்றேன் சாமி. படுத்துக்கினு கீறவங்க வூட்லயே பாத்துக்கட்டும். சந்துல எதுக்கு நொழஞ்சிகினு? மெயின் ரோட்டோட திரும்பிடலாம்” என்றார். போலீசுக்கு வசதி, பேண்டுக்காரர்களுக்கு வசதி, சாமியாருக்கு முழங்கால் வலி. எல்லோரையும்விட உரக்க ஆதரித்தவர் என் நைனா.

“தோளு காச்சுப்போச்சு சாமி. அந்தச் சந்துல திருப்பறதுக்குள்ள நாக்குத் தள்ளுது. அதான் வூட்டுக்கு வூடு டிவி குட்த்துட்டாங்கல்ல. அப்புறம் இன்னா?”

அந்த வருடம் தேர் சந்துக்குள் வரவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. நைனா சீக்கிரமாக வீடு வந்து, சூடு ஆறாத பிரியாணியை முதல்முறையாகச் சாப்பிட்டார். விஞ்ஞானம் வளர்வது நல்லதுதான் என்றும் சொன்னார்.

அடுத்த திருவிழாவுக்குள் கப்பல் ஏணியில் வழுக்கி விழுந்து அவர் இடுப்பெலும்பு முறிந்தது. முன்கொம்பில் வேறொருவர் நின்றார். நைனா கட்டிலில் கிடந்தார்.

தேர் அன்று காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சவரம் செய்யச் சொன்னார். அம்மாவிடம் வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். “டிவி பாக்கறதுக்கு எதுக்குய்யா சட்ட?” என்று அம்மா கேட்டார். “மாதா பாக்கும்ல” என்றார் நைனா. தொலைக்காட்சியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்து வைத்தேன்.

லைவ் ஆரம்பித்தது. தேர் தெரியவில்லை. ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தெரிந்தார். சால்வை போட்டார்கள். அவர் அதைக் கழற்றிப் பின்னால் கொடுத்தார். மறுபடி சால்வை போட்டார்கள். அவருடைய காதுக்குப் பின்னால் மாதாவின் கிரீடத்தில் ஓர் ஓரம் மின்னியது. ‘அண்ணன் அவர்கள் அன்னைக்குத் தோள் கொடுக்கிறார்’ என்று வர்ணனை வந்தது.

“அந்தாளு எங்கடா தோளு குட்த்தான்? கொம்புல கைய வெச்சிகினு போஸ் குடுக்கறான். நவுரச் சொல்றா அவன.”

“நைனா, இது டிவி.”

“ரிச்சர்டுக்குப் போன் போடு.”

போட்டேன். “கொஞ்சம் பொறு தம்பி, அண்ணன் கெளம்பட்டும். நெக்ஸ்ட்டு மாதாதான்” என்றார் ரிச்சர்டு அண்ணன்.

மாதாவின் முறை வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் அது தினப்படி வழக்கம். தேருக்கு ஜெனரேட்டர் இருந்தது, ரிச்சர்டு அண்ணனின் அறைக்கும் ஜெனரேட்டர் இருந்தது. ஒளிபரப்பு ஒரு நொடிகூடத் தடைபடவில்லை என்று அவர் பிறகு பெருமையடித்துக்கொண்டார். பார்க்கத்தான் எங்கள் தெருவில் யாருக்கும் கரண்ட் இல்லை.

இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பேண்டு சத்தம் மெயின் ரோட்டில் கேட்டது. எங்கள் சந்து முனைக்கு நெருங்கியது.

“ஓடிப்போய் சொல்றேன் நைனா, ஒரு நிமிஷம் உள்ள வரச் சொல்றேன்” என்று எழுந்தேன்.

“குந்து. வேணான்னு சொன்னதே நான்தான. இப்ப எனக்குன்னா மட்டும் வரணுமா?”

சந்து முனையில் பேண்டு நிற்கும் என்று கடைசிவரை எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. அதே தாளத்தில் கடந்து போனது. அது பாதி தூரம் போனபோது, யாரும் எதுவும் கேட்காத அந்த இருட்டில், நைனா சுவரைப் பார்த்து, விஞ்ச் மேலிருந்து கத்துகிற குரலில் சொன்னார்.

“கீறேன்பா.”

அம்மா அழுதார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. திரையில் கட்சித் தலைவர் ரோஜாப் பூவுக்கு முன்னால் கைகூப்பி எங்களுக்குத் திருவிழா வாழ்த்துச் சொன்னார். “மாதா வரலன்னாகூடப் பரவால்ல. இவன் கரெக்டா வந்துட்டான் பாரு. அமத்துடா” என்றார் நைனா. அடுத்த கொடியேற்றத்துக்கு அவர் இல்லை. அவருக்கும் அந்த ரோஜாப் பூவைத்தான் போட்டார் ரிச்சர்டு அண்ணன்.

இப்போது எதுவும் இல்லை. இலவசத் தொலைக்காட்சியைப் பழைய இரும்புக்காரர்கூடச் சீண்டவில்லை, வாசலில் வைத்தோம், யாரோ கண்ணாடியை உடைத்துச் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு போனார்கள். ரிச்சர்டு அண்ணனின் சேனலை டிஷ்ஷும் கைப்பேசியும் சேர்ந்து முடித்தன. அவர் இப்போது எம்.கே.பி. நகரில் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிறார். கட்சிகள் மட்டும் நலமாக இருக்கின்றன.

தேர் இன்றைக்கும் வருகிறது. மெயின் ரோட்டோடு போய்த் திரும்பிவிடுகிறது. கோயிலே இணையத்தில் நேரலை போடுகிறது. நேற்று நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். மேலே டிரோன் பறக்கிறது, மாதா தெளிவாகத் தெரிகிறாள், ஓரத்தில் துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் ‘ஆமென்’ என்று வரிசையாக வந்து விழுகிறது. டிரோன் ஒரு நொடி எங்கள் சந்தின் மேலே போனது. இருட்டாக இருந்தது. அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தேருக்கும் தெரியாது.

தேர் கோயிலுக்குள் போன பிறகும் அடுத்தடுத்து ஏதோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கண்ணயர்ந்தபோதுதான் தொலைக்காட்சி அந்தக் கேள்வியைக் கேட்டது. யாருமில்லாத வீட்டில், “கீறேன்பா” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கேள்வி அப்படியே நின்றது. பொத்தானை அழுத்தினால்தான் நம்புகிறது.