லிஃப்டில் ஏறிய தண்ணீர்

மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி உடைந்து கிடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தீர்கள். எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் நிர்வாகக் குழுத் தலைவர் நீங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து பெரிய தண்ணீர்ப் போத்தல்களோடு லிஃப்டில் நின்றீர்கள். என் மகள் என் இடுப்பில் இருந்தாள். பதினொரு மாதம்.

"என்ன அண்ணை, கடலையே அள்ளிக்கொண்டு போறியள்?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரர் வருகினம் பிள்ளை. கனடாக்காரர். எங்கடை பைப் தண்ணி அவைக்கு ஒத்துவராது."

நானும் சிரித்தேன். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போனீர்கள். நான் வீட்டுக்குப் போய் அதே பைப் தண்ணீரைப் பில்ட்டரில் வடித்து அவளுக்குப் பருக்கினேன். கொதிக்க வைக்கவில்லை.

வியாழன் வயிற்றோட்டம் தொடங்கியது. கீழ்ப் பல் முரசில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இது பல்லு வயித்தோட்டம். பல்லு வெளியிலை வர நிண்டிடும்" என்றார். நம்பினேன். குடிக்கக் குடிக்கப் போகும் என்று தண்ணீரைக் குறைத்ததும் நான்தான். அலுமாரியில், வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற் கிடந்தது. பல்லுக்கு எதற்கு அது என்று எடுக்கவில்லை.

வெள்ளி பின்னேரம் அழுதாள், கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை. பிறகு அழுகையும் நின்றது. சுகமாகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிரவு அவள் கண் திறக்காமல் கிடக்க, தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஜீவனி குடுத்தனீங்களோ?" கொதித்தாறிய ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு பைக்கற். ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகப் பருக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இப்போது எனக்கு எல்லாம் மனப்பாடம். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை செத்துப்போனாள்.

செத்தவீட்டுக்கு வந்தீர்கள். தலையைக் குனிந்தபடி இருந்தீர்கள்.

அடுத்த கிழமை தாங்கி கழுவ வந்தவர் என்னிடம் சொன்னார்: "மூடி உடைஞ்சு உள்ளை காகம் செத்துக் கிடக்குதெண்டு மூண்டு கிழமைக்கு முதலே தலைவரிட்டைச் சொன்னனான் அக்கா."

கனடாவிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

என் பிழையை நான் எழுதிவிட்டேன். யார் வேண்டுமானாலும் என்னை ஏசட்டும். வருகிற ஞாயிறு கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம். எல்லா வீட்டுக்காரருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: அந்த ஐந்து போத்தல் தண்ணீரும் யாருக்கு?