என் தோல்வாரைச் சுருக்கியது யார்?

இதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்த்தது இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் கெட்செலைக் கேட்டுக்கொள்ளலாம். சஃபேத் ஊரில், மயானச் சரிவுக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன யூத ஜெபஆலயத்தின் காவலாளி அவன். பின்னறையில்தான் இன்னும் இருக்கிறான். உரக்கக் கேளுங்கள். இடது காது மந்தம்.

என் பெயர் ஃபைவிஷ். அந்த மலைப்பாதையில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன். இல்லாததைப் பார்க்கிற ஆளுக்கு அங்கே பேருந்து கொடுக்க மாட்டார்கள்.

போன ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை காலை 5:50. வழக்கம்போல அலமாரியிலிருந்து என் தெஃபிலீன் பையை எடுத்தேன். வேத வரிகள் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்துத் தைத்த இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்று நெற்றிக்கு மேலே. மற்றது புயத்தில், இதயத்தைப் பார்த்தாற்போல. அதன் வாரை முன்கையில் ஏழு சுற்று சுற்றுவோம். நினைப்பும் நெஞ்சும் கையும் இன்றைக்கு ஆண்டவனுக்குக் கட்டுப்பட்டவை என்று அர்த்தம். எல்லோரும் இடது கையில் கட்டுவார்கள். நான் இடக்கையன், அதனால் வலது கையில். முடிச்சே எதிர்ப்பக்கம் இருக்கும். எங்கள் ஜெபஆலயத்தில் அப்படி ஒன்று என்னுடையது மட்டும்தான்.

புயத்தில் மாட்டினேன். ஏறவில்லை. யாரோ வளையத்தைச் சுருக்கியிருந்தார்கள்.

வீட்டில் சொன்னேன். "நேத்து நாலு தட்டு உருளைக்கிழங்கு கூகல் உள்ள தள்ளினீங்களே, அது எங்க போகும்?" என்றாள் என் மனைவி ஃப்ரேடல். "கையிலதான் வந்து உக்காரும்."

திங்கட்கிழமையும் அதே கதை. வளையத்தைச் சரிசெய்து, வாரில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தேன். செவ்வாய் காலை அந்தப் புள்ளி மூன்று விரற்கடை தள்ளியிருந்தது. அது மட்டுமில்லை. வார் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் யாரோ கையிலிருந்து அவிழ்த்து வைத்ததுபோல...

சாவி கெட்செலிடம் மட்டும்தான். அவன் கையும் விறகுக்குச்சி.

"என் தெஃபிலீனை யாருக்குய்யா எடுத்துக் குடுக்கற?"

"உம்ம வாரையா? அதைக் கழுதைக்குச் சேணமா கட்டலாம். மனுஷனுக்கு ஆகாது."

எனக்கு அது கள்ளப் பதிலாகவே பட்டது. வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. கெட்செலை வேலையிலிருந்தும் அறையிலிருந்தும் வெளியேற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த அறையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கையும் களவுமாகப் பிடிப்பது மட்டும்தான் பாக்கி.

புதன்கிழமை, 5:05. கெட்செல் கதவைத் திறந்து கணப்பை மூட்டிவிட்டுத் தேநீர் போடப் பின்னால் போனான். நான் பெண்கள் பகுதிக்குள் நழுவி, மரக்கிராதிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை.

5:31. சர்ர்ர்...

தோல்மேல் தோல் இழுபடும் சத்தம். அலமாரிப் பக்கம் ஓர் உருவம். முதுகு தெரிந்தது.

வந்துவிட்டான் திருடன் என்று நினைத்தேன். தெஃபிலீன் கட்ட நேரம் உண்டு. நான்கு முழ தூரத்தில் நிற்கும் தெரிந்தவனின் முகம் அடையாளம் தெரிகிற அளவு விடிய வேண்டும். இவன் இருட்டிலேயே கட்டுகிறான்!

சர்ர்ர்... சர்ர்ர்... எண்ணினேன். ஏழு.

அப்புறம் விரலில் மூன்று சுற்று. அப்போது சொல்ல வேண்டிய வரிகளை முணுமுணுத்தான். மணப்பெண்ணைப்போல ஆண்டவனுக்குத் தன்னை நிச்சயம் செய்துகொடுக்கும் வரிகள். குரல் வறண்டிருந்தது. ரொம்ப நாள் பேசாத குரல்.

"கெட்செல்! மாட்டிக்கிட்டியா?" என்று கத்தினேன்.

"யோவ், யாரைக் கூப்பிடறீர்? நான் இங்க இருக்கேன்."

எனக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

கையில் தேநீர்க் குவளையோடு நின்றான்.

5:44. கிழக்கு ஜன்னல் வெளுத்தது. கிராதி வழியே இருவரும் பார்த்தோம்.

அந்த ஆள் திரும்பினான். நான்கு முழம்கூட இருக்காது.

மேல்துண்டின் குஞ்சம் தெரிந்தது. வலது கையில் வார் தெரிந்தது.

நெற்றிப் பெட்டியின் தையல்கூடத் தெரிந்தது.

முகம் மட்டும் விடியவில்லை.

குவளை விழுந்து உடைந்தது. கண் சிமிட்டினோம்.

யாரும் இல்லை.

என் பை அலமாரியில், மூடியபடி...

வார் சூடு.

அன்றைக்கே அந்தக் கடிதத்தைக் கணப்பில் போட்டேன். கெட்செல் என்னவென்று கேட்டான். கூகல் செய்முறை என்றேன். இதில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து, அடைமழையில் அலமாரிக்குப் பின்சுவர் சரிந்தது. பகல் பதினொரு மணி. அடியில் ஒரு பழைய கல்லறை. மேல்கல்லில் பெயர் இல்லை. புதைப்புச் சங்கத்திலிருந்து ஸிம்ஹா வந்தார். முதல் காரியமாக, கல்லறையிலிருந்து என் இருக்கைவரை கையால் அளந்தார்.

"மூணரை முழம். எத்தனை வருஷமா இங்க உக்காந்து கட்டறீர்?"

"பத்தொன்பது."

இறந்தவர் இருக்கும் இடத்தின் நான்கு முழத்துக்குள் தெஃபிலீனை வெளியே தெரிய அணியக் கூடாது. கட்டளைகளிலிருந்து அவிழ்ந்துபோன கை இறந்தவருடையது. இனி எந்நாளும் கட்ட முடியாது. இல்லாதவன் முன்னால் பளபளத்துக் காட்டிப் பரிகசிப்பதற்குச் சமம். பத்தொன்பது வருடம் நான் பரிகசித்திருக்கிறேன்.

மழைநீர் மண்ணை அரித்து ஒரு முன்கை எலும்பு மட்டும் வெளியே தெரிந்தது. ஸிம்ஹா பார்த்துவிட்டு, "வலது கை" என்றார். அதில் கறுப்புக் கறுப்பாக வளையங்கள். "ஈரக்கறை," என்று சொல்லி அவசரமாக மூட மண்ணை எடுத்தார்.

"என்ன சொல்றார்?" என்றான் கெட்செல்.

"ஈரமாம்."

அவன் குனிந்து எண்ணினான். உதடு அசைந்தது. ஏழுவரை போய் நின்றது. பிறகு மெதுவாக நிமிர்ந்து என் வலது கையைப் பார்த்தான். காலையில் கட்டிய வாரின் தடம் அதில் இன்னும் மறையவில்லை. எப்போதும் அரைமணியில் மறைந்துவிடும்.

நான் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.