பொட்டு வைத்த தீயணைப்பு வீரர்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் கல்யாணம், புதுவீட்டுக் குடிபூரல் எல்லாவற்றுக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே கல்லூரியில் ஒரு புகைப்பட வகுப்பு. அந்த ஆசிரியர் தந்த வேலைதான் என்னைப் போட்டுக் குழப்பியது. வேலை செய்யும் மனிதர்களை அவர்கள் அறியாமல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பில் தேற முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைப் படம் எடுப்பதா? எங்கள் ஆட்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமல் கமராவுக்கு முன்னால் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

தீயணைப்பு வீரர்களைத் தேர்ந்தெடுத்தேன். வேலை மும்முரத்தில் என்னைக் கவனிக்கமாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. நிலையத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் தண்ணீர்க் குழாயைச் சுருட்டும்போது கமராவைத் தூக்கினேன். பழக்கதோஷம், வாய் தானாக "இஞ்சை பாருங்கோ" என்றது. தமிழே தெரியாத அந்த மனிதர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பல்லைக் காட்டினார்கள். அடுத்த முறை போனபோதும் அதே கதைதான். என் வாய்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

பிறகு நகரில் ரூஜ் என்ற பகுதியில் ஒரு குடிபூரலுக்குப் படம் எடுக்கப் போனேன். ஐயர் வளர்த்த ஓமத்தின் புகை சன்னலால் வெளியேற, பக்கத்து வீட்டார் பயந்து போன் செய்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வருகிற எல்லோரையும் வரவேற்கும்படி தாய் சொல்லியிருந்ததை மறக்காமல், வாசலில் நின்ற அந்த வீட்டு மகள் முதலில் ஏறி வந்த வீரருக்குப் பன்னீர் தெளித்து, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கார அன்ரி என் கையைப் பிடித்தார். "தம்பி, முதல் நாளே ஓமத்தை அணைச்சா இந்த வீடு விளங்குமே? அவருக்குச் சொல்லுங்கோ."

தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஓமத்தைப் பார்த்தார், அன்ரியின் முகத்தைப் பார்த்தார். சன்னல்களை அகலத் திறந்துவிட்டு, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தீ தானாக அடங்கும்வரை அதையே பார்த்தபடி நின்றார். எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் வந்துவிட்டது. அன்றைக்கென்று என் வாயும் திறக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

ஆசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அருமையாக இருக்கிறது. ஆனால் பொட்டெல்லாம் வைத்து இந்த ஆளை இப்படி நிறுத்த எவ்வளவு பாடுபட்டாய்?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு படம் கொண்டுவரச் சொன்னார். நான் பொய் சொல்வதாக நினைத்தாரா, என் ஆங்கிலம் விளங்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே படத்தைக் குடிபூரல் அல்பத்தில் கண்டதும் அன்ரியின் முகம் சுருங்கியது.

"உவர் கமராவைப் பாக்கேல்லையே தம்பி. ஒருக்கா இஞ்சை பாருங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே," என்று அதை உருவி என்னிடமே தந்துவிட்டார்.