ஏலக்காரி அமராவதியின் கழுத்து

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற பெண்களில் அமராவதியின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. சோனாங்குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் கோவிந்தசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் ஏலம் விடத் தொடங்கினாள். அவள் வாயைத் திறந்தால் டீக்கடையில் நிற்கும் வியாபாரி கிளாசை வைத்துவிட்டு ஓடி வருவான்.

1967 மழைக்காலத்தில் அந்தக் குரல் கரகரத்தது. தொண்டைக்குக் கீழே வீக்கம் ஒன்று எழும்பியது. தொட்டால் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. உடம்பும் ஊதியது. சுள்ளென்று வெயில் அடிக்கும்போதும் அவளுக்குக் குளிரெடுத்தது. ஒருநாள் ஏலத்தின் நடுவே, கடைசியாகக் கேட்ட விலை எதுவென்று மறந்து நின்றாள்.

“என்னா யக்கா, நின்னுக்கினே தூங்கறியா? மீனு நாறிடப் போவுது” என்றாள் பக்கத்தில் ஏலம் விடுகிற குப்பு.

கூட்டம் சிரித்தது. அமராவதி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

கடலூரில் பார்த்த டாக்டர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். புற்றாக இருக்கலாம், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பேச்சு நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் பட்டால் குரல் போகவும் கூடும் என்று மழை வருமா வராதா என்பதுபோலச் சொன்னார். அமராவதிக்குத் தேவனாம்பட்டினத்துச் செல்லாயி கண்முன் வந்தாள். கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட செல்லாயி வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலைக் காட்டி மீன் விற்கிறாள்.

“செத்தாலும் சாவறேன் மாமா. கழுத்துல கத்தி வெக்க உடமாட்டேன்.”

“சாவறதுக்கு எதுக்கு டாக்டரு? வீட்லயே சாவலாமே” என்றான் கோவிந்தசாமி.

இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று அவன்தான் அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனான். மேலவீதிக்குப் பின்னால் டாக்டர் நடனசபாபதி சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவரும் கழுத்தை அமுக்கினார். ஆனால் உடனே கத்தியைப் பற்றிப் பேசவில்லை.

“இதை முன்னெல்லாம் வெட்டி எடுத்த பெறகுதான் இன்னதுன்னு சொல்லுவோம். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால லண்டன்ல ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சில பேருக்கு அவுங்க ரத்தமே அவுங்க கழுத்துச் சுரப்பிய வெளியாள்னு நெனச்சு எதுத்து நிக்குது. அந்த எதிர்ப்பு உன் ரத்தத்துல இருக்கான்னு மெட்ராஸ்ல பாத்துச் சொல்லுவாங்க. ஆட்டு ரத்தத்துல இருக்கற அணுவுமேல சுரப்பிச் சத்தப் பூசி, உன் ரத்தத்துல தெளியற தண்ணிய அதோட சேத்து வெப்பாங்க. பால் திரியற மாதிரி திரியுதான்னு பாக்கணும். கத்தியா மாத்திரையான்னு அது சொல்லிடும்.”

எது வந்தால் கத்தி, எது வந்தால் மாத்திரை என்று அவர் சொல்லவில்லை. வெளியே வாசல் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். இவர்களும் கேட்கவில்லை. அமராவதியின் காதில் ஆட்டு ரத்தம் என்பது மட்டும்தான் நின்றது.

கம்பவுண்டர் பஞ்சநாதன் ரத்தம் எடுத்தார். தெளிந்த நீரைக் குப்பியில் அடைத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து ரயிலில் அனுப்பப்போவதாகச் சொன்னார். அமராவதி பிளாஸ்கையே பார்த்தாள். அவள் பிழைப்பில் ஐஸில் வைப்பது உயிர் போனதைத்தான்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன் ரத்தத்தின்மேலேயே பயம் வந்துவிட்டது. துறைமுகத்தில் கெளுத்தி முள் குத்தி விரலில் ரத்தம் கசிந்தபோது, வீட்டுக்குள் புகுந்த யாரையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். வழக்கமாக விரலை வாயில் வைத்துச் சப்புகிறவள், அன்று மணலில் தேய்த்துத் துடைத்தாள்.

சொன்ன நாளில் இருவரும் சிதம்பரம் போனார்கள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். பஞ்சநாதன் மருந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“மெட்ராஸ்லேர்ந்து டிரங்க் கால் வந்துச்சு. பாசிட்டிவாம். டாக்டர் வர்ற வரைக்கும் உக்காருங்கம்மா.” சொல்லும்போதே அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

குப்பத்தில் அந்த வார்த்தையை அறியாதவர் இல்லை. யானைக்கால் நோயைச் சோதிக்கிற சர்க்கார் ஆட்கள் வந்து ஊரார் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். பாசிட்டிவ் என்று பேர் வந்தவனின் காலை ஊரே குனிந்து பார்க்கும். அமராவதி எழுந்தாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். வீங்கிய உடம்போடு அவள் அத்தனை வேகமாக நடப்பாள் என்று கோவிந்தசாமி நினைக்கவில்லை.

“அமரா, நில்லு. டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்.”

“அவரு இப்ப யாரு கழுத்த அறுத்துக்கினு இருக்காரோ. அடுத்தது நான். நீ வேணா போயிப் படுத்துக்க.”

பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. படியில் காலை வைத்தபோது பின்னால் பஞ்சநாதன் ஓடிவருவது தெரிந்தது. தன்னைப் பிடித்துப் போகத்தான் வருகிறார் என்று அமராவதிக்குத் தோன்றியது. ஊரைக் கூட்டிவிடுவது என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். துறைமுகத்தையே திருப்பிய குரல் பாதியில் உடைந்து காற்றாகப் போயிற்று. பூக்கூடைக்காரி ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள். அமராவதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கத்தி படாமலே செல்லாயி ஆகிவிட்டோம் என்று நினைத்தாள்.

பஞ்சநாதன் மூச்சு வாங்க வந்து நின்றார். “டாக்டரு திட்டறாரும்மா. பாசிட்டிவ்னா நல்லதாம். கத்தி வேணாமாம்.”

“நல்லதுன்னா மூஞ்சிய ஏன்யா எழவு வீட்டுல வெக்கற மாதிரி வெச்சிக்கினு சொன்ன?” என்றான் கோவிந்தசாமி.

“எனக்கே இப்பதான் தெரியும். எங்க ஆஸ்பத்திரியில இந்த டெஸ்டுக்கு அனுப்புனதே இவுங்களத்தான் மொதல்ல. நான் பாத்த பாசிட்டிவ் எல்லாம் கெட்டதுதான்.”

திரும்பி வந்தபோது டாக்டர் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். ரத்தம் நன்றாகத் திரிந்திருக்கிறது, எதிர்ப்பு பலமாக இருக்கிறது, வீக்கம் அதனால் வந்தது, அநேகமாகப் புற்று இல்லை என்றார். ‘அநேகமாக’ என்ற வார்த்தை அமராவதியைக் குத்தியது.

“என் ரத்தம் ஏன் சாமி என்னையே எதுக்குது? நான் அதுக்கு என்னா பண்ணுனேன்?”

“அது இன்னும் யாருக்கும் தெரியலம்மா.” மாத்திரையை எழுதினார். “சுரப்பி செய்யற வேலைய இது செய்யும். ஆயுசுக்கும் விடாம சாப்பிடணும். பொங்கல் கழிச்சு வா. வீக்கம் சுருங்காம வளந்துச்சுன்னா அப்ப கத்தியப் பத்திப் பேசலாம்.”

“பேச்சு?”

“மெதுவா தெளியும். பாப்போம்.”

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் புவனகிரி தாண்டும் முன்பே பேச ஆரம்பித்தாள். விடியலில் வந்த வஞ்சிரம், குப்புவின் கிண்டல், சின்னவனின் கிழிந்த சட்டை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பேசினாள். தொண்டையைக் கொஞ்சம் ஆற விடேன் என்று சொல்ல கோவிந்தசாமி வாயெடுத்தான். அவள் பேச்சை நிறுத்தி, ஒரு கணம் கழுத்தில் கை வைத்து, சத்தம் இன்னும் வருகிறதா என்று பார்ப்பதுபோல மறுபடி தொடங்கியதைக் கண்டான். “ம்” மட்டும் கொட்டினான். புதுச்சத்திரம் போயிற்று, ஆலப்பாக்கம் போயிற்று. அவள் நிறுத்தவில்லை.